அக்காவின் மேல் மாடி

திருப்பூருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் ஒரு பனியன் மூட்டை இல்லாமல் வருவதில்லை. 2025 செப்டம்பரில் நான் போய் வந்தபோது மூட்டையும் வந்தது. கூடவே ஒரு கணக்கும் வந்தது. மூட்டையை ஊர் வந்த அன்றே பேரப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். கணக்கை மட்டும் யாரும் தொடவில்லை. அதை உங்களிடம் அவிழ்க்காமல் வேறு யாரிடம் அவிழ்ப்பது?

என் பெரியம்மா மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். பெயர் எதற்கு, அக்கா என்றே சொல்கிறேன். மாமா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அவர் விட்டுப் போனது குடியிருக்கும் ஓட்டு வீடும், அதை ஒட்டி 2,400 சதுர அடியில் ஒரு ஹாலும். அந்த ஊரில் அதைக் 'கம்பெனிக் கட்டிடம்' என்பார்கள். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி அதில் இருபது மிஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறார். மாத வாடகை 30,000 ரூபாய். அக்காவின் அரிசி, பருப்பு, வைத்தியச் செலவு, கல்யாணம் காட்சிக்கு எழுதும் மொய் எல்லாம் அந்த முப்பதாயிரத்திலிருந்துதான்.

ஆகஸ்ட் கடைசியில் அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். "கண்ணு, ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஹாலுக்கு மேல ஒரு மாடி எடுக்கலாம்னு இருக்கறேன். பேங்க்குல புள்ளையோட கையெழுத்தும் வேணும்ங்கறாங்க. அவ என்னமோ யோசிக்கறா. நீ சொன்னாக் கேப்பா."

புள்ளை என்றது அவள் மகளை. பெங்களூரில் உத்தியோகம். மாமா உயில் எழுதாமல் போனவர். ஆகவே சட்டப்படி மனைவிக்கும் மகளுக்கும் அந்தச் சொத்தில் சம பாகம். அம்மா கடன் வாங்கப் பெண் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணோ, "கையெழுத்துப் போடறேம்மா, முதல்ல கணக்கைக் காட்டு" என்று சொல்லி விட்டாளாம். அம்மாவுக்கு அதில் சற்று வருத்தம். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் அப்போதே மரியாதை உண்டாகிவிட்டது. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

கோவை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் காற்று என்றால் அப்படிக் காற்று! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. மலைக்கு அந்தப் பக்கம் மழையை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. வருஷத்தில் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிய காரியம். சென்னையில் பெய்வதில் அது பாதிகூட இல்லை. ஊர் நடுவே நொய்யல் என்று ஒரு நதி உண்டு. நதி என்று சொல்லிக் கொள்வதில் அதற்கு ஒரு கூச்சம் இருக்கிற மாதிரியே ஓடுகிறது.

இப்படிப்பட்ட வறண்ட மண்ணில் எப்படி இத்தனை கட்டிடம் முளைத்தது? சோளமும் பருத்தியும் விளைந்த பூமி அது. கிணறு வெட்டினால் ஆழத்தில் கொஞ்சம் தண்ணீர். பருத்தியைத் தொட்டுப் பஞ்சு அரைக்கும் மில்கள் வந்தன. தேசிய இயக்கத்தின்போது கதர் வந்தது. கொடியைக் கையில் பிடித்தபடி தடியடி பட்டு 1932 ஜனவரி 11-ம் தேதி உயிர் விட்ட குமரன் இந்த ஊர்க்காரர் என்றே உலகம் அறியும். 1925 வாக்கில் பனியன் பின்னும் மிஷின் வந்தது. வெள்ளைப் பனியன் நாடெங்கும் போனது. பிறகு 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வந்து இந்த ஊர்ப் பனியனைக் கேட்டாரே, அதிலிருந்து ஊரின் ஜாதகமே மாறிவிட்டது. 1985-ல் வெளிநாட்டுக்குப் போன சரக்கு சுமார் 15 கோடி ரூபாய்க்கு. 2024-25-ல் அது சுமார் 40,000 கோடி. இந்தியாவிலிருந்து கடல் தாண்டும் பின்னலாடையில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊருடையது. 2011 ஜனக்கணக்கில், விஸ்தரித்த மாநகராட்சி எல்லைக்குள் 8,77,000 பேருக்கு மேல்!

தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். சாயம் போட, வெளுக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டுமே! சுற்றுப்புறக் கிராமங்களில் கிணற்று நீரை லாரி லாரியாக விற்றார்கள். விவசாயத்தை விடத் தண்ணீர் வியாபாரம் லாபம் என்று வயலைத் தரிசு போட்டவர்கள் உண்டு. பிறகு பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வரும் பெரிய திட்டத்தைச் சர்க்காரும் தொழிலதிபர்களும் சேர்ந்து தனிக் கம்பெனியாக ஏற்படுத்தி நிறைவேற்றினார்கள். தண்ணீர் விநியோகத்தில் தனியார் முதலைச் சேர்த்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று அது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீரை விலைக்கு வாங்கிப் பனியனுக்குச் சாயம் போடுகிற ஊர் இது. அந்தச் செலவு பனியனின் விலையில் சேரத்தான் சேரும்.

சரி, கட்டிடத்துக்கு வருகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழ் பிறப்பதில்லை. நூலாக வந்தது ஓர் இடத்தில் துணியாகப் பின்னப்படுகிறது, வேறு இடத்தில் சாயம், இன்னோர் இடத்தில் காம்பாக்டிங் என்று சுருக்கம் போக்கி அளவு நிறுத்துவது, பிறகு கட்டிங், பிறகு ஓவர்லாக், பேட்லாக் மிஷினில் தையல், படம் போட ஒரு பிரிண்டிங் கூடம், பூ வேலைக்கு ஒரு எம்பிராய்டரி கூடம், அப்புறம் பிசிர் வெட்டிச் செக்கிங், அயனிங், பேக்கிங். பெரிய முதலாளிகளில் சிலர் எல்லாவற்றையும் ஒரே வளைவுக்குள் வைத்திருக்கிறார்கள். மற்றபடி ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு ஹாலில், கூலிக்குச் செய்து கொடுப்பது. நாம் கட்டி மகிழும் ஒரு சாதாரண பனியன் ஏழெட்டுக் கட்டிடம் ஏறி இறங்கி வந்திருக்கிறது. அந்த ஏழெட்டுக்கும் வாடகை உண்டு, வாடகை வாங்க ஓர் அக்காவோ மாமியோ உண்டு!

ஆகையால்தான் அந்த ஊரில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் நகை வாங்கிய கையோடு ஒரு ஹால் கட்டி விடுகிறார்கள். தொழில் செய்தால் ராத்தூக்கம் போகும். கட்டிடம் கட்டி விட்டால் யாரோ தொழில் செய்வார்கள், நாம் வாடகை வாங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவருக்குத் தூக்கம் போனால், அந்த வீட்டுக்காரருக்கும் மூன்றாம் மாதம் தூக்கம் போகிறது. இதை நான் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் அக்காவோடு காலாற நடந்து போனேன். வீதியில் பாதித் தூரம் போவதற்குள் மூன்று கட்டிடங்களில் பலகை. 'வாடகைக்கு விடப்படும். 3 பேஸ் கரண்டு வசதி உண்டு.' நாலாவது இடத்தில் பலகை இல்லை. ஆனால் கதவுக்கு முன்னால் புல் முளைத்திருந்தது. பலகை போட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவராக இருக்கும்.

"இதுக்கே பயந்தா எப்புடி? ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல நீ பாத்திருக்கோணும்" என்றாள் அக்கா.

2011-ல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சாயத் தண்ணீர் நொய்யலில் போய் விழுந்து, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகிவிட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரை, 'திறந்து விடாதீர்கள்' என்று விவசாயிகளே கெஞ்சிய விபரீதம் வேறெங்கே நடந்திருக்கிறது? கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாதென்று கோர்ட்டு சொல்லியும் காரியம் நடக்காததால், 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி விட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. விவசாயிகள் கேட்டது நியாயம். கோர்ட்டு சொன்னதும் நியாயம். ஆனால் சாயம் நின்றால் தையல் எங்கே? தையல் நின்றால் வாடகை எங்கே?

"பதினாலு மாசம் பூட்டிக் கெடந்துச்சு கண்ணு. மாமா தெனமும் காத்தால போயி ஹாலைத் தொறந்து, கூட்டிட்டு, மறுபடியும் பூட்டிட்டு வருவாங்க. யாராச்சும் வந்து பாத்தா சுத்தமா இருக்கோணுமாம். ஒருத்தரும் வரலை."

அப்புறம் பட்டறைக்காரர்கள் கழிவு நீரைச் சுத்தம் செய்து மீண்டும் உபயோகிக்கும் முறைக்குப் பெருஞ் செலவு செய்து மாறினார்கள். சர்க்காரும் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஊர் எழுந்தது. 2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது மறுபடி படுத்தது. பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் நோக்கித் தொழிலாளிகள் ரயிலேறிய பிறகு லைன் வீடுகள் காலியாகின. வரிசையாக ஒரே அறை அறையாகக் கட்டி வாடகைக்கு விடும் அந்த வீடுகளை வைத்துப் பிழைக்கும் பெண்கள் அந்த ஊரில் அநேகம் பேர். அதிலிருந்து எழுந்தால் நூல் விலை ஏற்றம். 2022 செப்டம்பரில் மின்சாரக் கட்டணம் ஏறியது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணமும் சேர்ந்து ஏறியது. அதே வருஷம் சொத்து வரியும்!

இத்தனைக்கும் பிறகுதான் 2025 ஆகஸ்ட் 27. அன்று முதல் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூர் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தேசத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட, எங்கள் அக்கா வீட்டு ஹாலில் இருபது மிஷினில் பன்னிரண்டு, துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்து விட்டன. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிஷின்களுக்குக் குளிர் ஜுரம் வந்த மாதிரி இருந்தது.

நான் போன மறுநாள் காலை அந்தத் தம்பி வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, வேலை குடுக்கிற கம்பெனியில ஆர்டரை நிறுத்தி வச்சிருக்காங்க. தீபாவளிக்குப் போனஸ் குடுக்கலைன்னா டெய்லருக நிக்க மாட்டாங்க. நாலு மாசத்துக்குப் பாதி வாடகை வாங்கிக்கங்க. பொங்கல் கழிஞ்சதும் பழையபடி குடுத்துர்றேன்."

"நான் சொல்றனுங்க தம்பி, ரெண்டு நாள் பொறுங்க" என்றாள் அக்கா.

அவர் போனதுதான் தாமதம், அக்காவின் கொழுந்தனார் உள்ளே நுழைந்தார். வாசலிலேயே கேட்டுக் கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது. "இதுக்கெல்லாம் எறங்கிப் போகக் கூடாதுங்க, அண்ணி. காலி பண்ணச் சொல்லுங்க. திருப்பூர்ல சும்மா கெடக்கற பில்டிங் எங்கிருக்குது? வேற ஆளு நாற்பதுக்கு வருவான். மேல மாடியும் போட்டுட்டா மாசம் எழுபது, எண்பது வரும்." அந்த மனிதர் கெட்டவரல்ல. 'வாடகைக்கு விடப்படும்' என்று ஒரு தகரப் பலகையை 600 ரூபாய் கொடுத்து எழுதியே கொண்டு வந்துவிட்டார்! திருப்பூரில் சும்மா கிடக்கும் கட்டிடம் இல்லையென்றால் பலகை எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஒறம்பரைக்கு வந்த இடத்தில் வம்பு எதற்கென்று காப்பியை மட்டும் குடித்தேன்.

அவர் போன பிறகு அக்காவைக் கேட்டேன்: "அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியிருக்கிறாய்?"

"மூணு லட்சம்."

"அது எங்கே இருக்கிறது?"

அக்கா பதில் சொல்லாமல் சுவரில் மாட்டியிருந்த பெண்ணின் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குகிறோம். வாங்கிய அன்று அது பெரிய தொகை. யாருக்கும் உடனே திருப்பித் தர வேண்டாம். ஆகவே நம் பணம் போலவே தோன்றுகிறது. அக்கா அதை நகையாகப் பண்ணிப் பெண்ணுக்குப் போட்டு விட்டாள். ஆனால் குடியிருப்பவர் காலி செய்கிற அன்றைக்கு அது கடன்; அதுவும் ஒரே நாளில், ஒரே தவணையில் தீர்க்க வேண்டிய கடன். நல்ல காலத்தில் புது ஆள் கொடுக்கும் முன்பணத்தை வாங்கிப் பழைய ஆளுக்குக் கொடுத்து விடுவார்கள். வீதியில் மூன்று பலகை தொங்கும்போது புது ஆள் எங்கே? கொழுந்தனார் சொன்னபடி அந்தத் தம்பியை அனுப்பியிருந்தால், அக்கா மறு வாரம் மூன்று லட்சத்துக்கு அடகுக் கடைக்குத்தான் போக வேண்டும்.

சகோதரிகளே, கடை வாடகையோ வீட்டு வாடகையோ வாங்குகிறவர்கள் இந்த முன்பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் என்னைத் திட்டாதீர்கள்.

அன்று ராத்திரி பெங்களூர்ப் பெண்ணை டெலிபோனில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். 2,400 சதுர அடி மாடிக்கு அடிக்கு 1,500 ரூபாய் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். ஆக 36 லட்சம். பாங்கில் 25 லட்சம். மீதி 11 லட்சம் அக்காவின் சேமிப்பும் மிச்ச நகையும். பத்து வருஷக் கடன், 10 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 33,000. மேல் மாடிக்கு வாடகை என்ன வரும்? துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். சரக்கு லிப்ட் இல்லை. கீழே 30,000 என்றால் மேலே 24,000 கிடைப்பதே அபூர்வம்.

"அப்ப ரெண்டும் சேர்த்து ஐம்பத்திநாலு வருதில்ல?" என்றாள் அக்கா.

"வருகிறது. தவணை முப்பத்துமூன்று போக உன் கையில் இருபத்தோராயிரம். இப்போது உன் கையில் எவ்வளவு?"

"முப்பது."

டெலிபோனில் பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் இதை முன்பே போட்டுப் பார்த்திருப்பாள் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது.

அதாவது இரண்டு மாடியும் ஒரு மாதம்கூடக் காலியில்லாமல் ஓடினால்தான், பத்து வருஷம் முடிய மாதம் ஒன்பதாயிரம் குறைத்துக்கொண்டு அக்கா ஜீவிக்கலாம். கீழ்த்தளத்துத் தம்பி பாதி வாடகை கொடுத்தால் கையில் ஆறாயிரம். கீழே காலியானால், அக்கா கையிலிருந்து ஒன்பதாயிரம் போட வேண்டும். இரண்டும் காலியானால் என்ன என்று நாங்கள் கணக்குப் போடவில்லை. பதினொன்று லட்சத்தைப் பாங்கில் போட்டு வைத்து 7 சதவீதம் கிடைத்தாலே மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் தூங்கிக்கொண்டே வருகிறது. பத்து வருஷம் கழித்து மாடி சொந்தமாக நிற்கும் என்பது வாஸ்தவம். அக்காவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயசு.

"எல்லாரும் கட்டறாங்களே" என்றாள். இந்த ஒரு வாக்கியம் எத்தனை கட்டிடங்களை எழுப்பியிருக்கிறது! திருப்பூரில் மட்டுமா? மழையே இல்லாத துபாயில் கடலைத் தூர்த்துக் கட்டினார்கள். 2009 நவம்பரில் அந்த ஊரின் பெரிய கம்பெனியான துபாய் வேர்ல்டு, கடன்காரர்களிடம் ஆறு மாதம் தவணை கேட்டது, உலகமே திடுக்கிட்டது. அடுத்த ஜனவரியில் உலகத்திலேயே உயரமான கட்டிடத்தைத் திறந்தார்கள். துபாய் பிழைத்துக்கொண்டது, இன்று செழிப்பாகவே இருக்கிறது. ஆனால் அதற்குப் பணக்காரப் பங்காளி அபுதாபி பக்கத்தில் இருந்தது. அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பது கொழுந்தனார்.

மறுநாள் காதர்பேட்டைக்குப் போனோம். பேரப் பிள்ளைகளின் மூட்டை அங்கே வாங்கியதுதான். ஏற்றுமதியில் மிஞ்சியது, அளவில் அரை அங்குலம் தவறியது, பட்டன் நிறம் மாறியது எல்லாம் மலை மாதிரி குவிந்திருக்கும். கேரளத்திலிருந்தும் வட தேசத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நம்மைப் போன்ற சில்லறை மாமிகளை அவர்கள் சட்டை செய்வதில்லை, ஆனாலும் விரட்டுவதில்லை. கட்டிலகலத்துக்கு ஒரு கடை. அந்த அகலத்துக்கு வாடகையைக் கேட்டேன். சதுர அடிக்கு வகுத்துப் பார்த்தால் அக்காவின் ஹாலைப் போலப் பல மடங்கு. ரயிலடிக்குப் பக்கம், நடந்து வருகிற கூட்டம், அதற்குத்தான் அந்த விலை, சுவருக்கு அல்ல. 2023 ஜூனில் ஓர் இரவு தீப் பிடித்து ஐம்பது கடைகள் போல இங்கே சாம்பலாயின. தகரமும் பலகையுமாகக் கட்டிய கடைகள், உள்ளே துணி. நிமிஷத்தில் போயிருக்கும். அக்காவின் ஹாலுக்குத் தீ இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். மேல் மாடிக்கு 36 லட்சம் யோசித்தவள், கீழ் மாடிக்கு இதை யோசிக்கவில்லை. பத்து நிமிஷம் சண்டை போட்டோம்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள் அக்கா. நான் அறைக்குள் இருந்துகொண்டேன். காது மட்டும் வெளியே.

"தம்பி, நாலு மாசத்துக்கு மாசம் பதினஞ்சு குடுங்க. மிச்சம் பதினஞ்சை நான் விட்டுக் குடுக்கறதில்லீங்க. அதை உங்க அட்வான்ஸுல கழிச்சுக்கறேன். நாலு மாசத்துக்கு அறுபதாயிரம். மூணு லட்சம் ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆயிரும். பொங்கலுக்கு அப்பறம் முழு வாடகை. சரிதானுங்களே?"

அந்தத் தம்பிக்கு முகம் தெளிந்தது போலிருக்கிறது. "சரிக்கா, சரிக்கா" என்று இரண்டு தடவை கேட்டது. அவருக்குக் கையில் ரொக்கம் மிஞ்சுகிறது. அக்காவுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் அறுபதாயிரம் குறைகிறது. அக்கா இதைத் தானாகவே யோசித்தாள். மிச்சக் கணக்கை மட்டுந்தான் நாங்கள் காலண்டர் தாளில் போட்டோம்.

எழுத்தில் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பழைய ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதி, அது முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது! பதினோரு மாதம் என்று எழுதி விட்டால் ஒரு தொல்லையும் இல்லை என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். வீட்டுக்கும் கடைக்கும் தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இந்தப் பத்து மாதப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ!

இன்னொன்று. அக்காவின் வருஷ வாடகை 3,60,000 தான், ஜி.எஸ்.டி.க்கு அவள் பதிய வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தம்பி பதிந்தவர். அப்படிப்பட்ட இடத்தில், 2024 அக்டோபர் 10 முதல் கட்டிட வாடகைக்குரிய 18 சதவீத வரியைக் குடியிருப்பவரே நேரில் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. முப்பதாயிரத்துக்கு 5,400 ரூபாய். பின்னால் கழித்துக்கொள்ள வழி இருந்தாலும் முதலில் கையை விட்டுப் போகிறது. வாடகையை நாற்பதாயிரமாக ஏற்றலாம் என்கிறவர்கள், கொடுக்கிறவர் பையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். தொகுப்பு வரி கட்டுகிற சின்ன வியாபாரிகளுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குடித்தனக்காரர் எந்த ரகம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கொழுந்தனாருக்கு மனத்தாங்கல்தான். "அண்ணி பயந்துட்டாங்க" என்று வீதியில் சொல்லிக்கொண்டிருந்தாராம். பயந்தால் என்ன? அவர் இரண்டு வருஷத்துக்கு முன் அவிநாசி ரோட்டுப் பக்கம் கடன் வாங்கி ஒரு ஷெட் போட்டவர். அதில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "பெயிண்ட் அடிச்சுட்டு இருக்கறோம்" என்றார். எட்டு மாதமாகவா என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் அக்காவிடமிருந்து டெலிபோன். பதினைந்தாயிரம் இரண்டு மாதமும் தேதி தவறாமல் வந்ததாம். தம்பி போனஸும் கொடுத்துவிட்டார்; போன வருஷத்தை விடக் குறைச்சல், ஆனாலும் டெய்லர்கள் யாரும் நிற்கவில்லை என்று சொல்லவில்லை. உள்நாட்டுக் கடைகளுக்குக் குழந்தைகள் பனியன் தைக்க ஒரு சின்ன வேலை பிடித்திருக்கிறாராம். துணி போர்த்திய மிஷின் இப்போது பன்னிரண்டு அல்ல, ஏழு. தீ இன்ஷூரன்ஸுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பாங்கிலிருந்து, கடன் மனுவை என்ன செய்வது என்று கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்னாய்?"

"பொட்டாட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"கொழுந்தனார் எழுதிக்கொண்டு வந்த பலகை?"

"அதா? நல்ல கெட்டித் தகரம் கண்ணு. தொட்டித் தண்ணீல காக்கா வாய வெக்குதுன்னு மேல மூடி வெச்சிருக்கறேன்."